சர்க்கரைக்குப் பதில் எது? அலமாரியில் மூணு டப்பா, எதைத் தூக்கிப் போடறது?

அடுக்களைக்கணக்கு:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 64 வயசு, எட்டு வருஷமா சர்க்கரை நோய். மாத்திரை மட்டும்தான், இன்சுலின் இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை கிடையாது. ஆனா போன வருஷம் இதயத்துல ஸ்டென்ட் வெச்சிருக்கு.

வீட்ல ஆளாளுக்கு ஒண்ணு வாங்கி வெச்சிட்டாங்க. அண்ணன் வாங்கினது அஸ்பார்டேம் மாத்திரை, அழுத்தினா ஒண்ணொண்ணா விழுற சின்ன டப்பா. அண்ணி வாங்கினது பச்சை இலை படம் போட்ட ஸ்டீவியா பொட்டலம், அரைக் கிலோ. நான் வாங்கினது சுக்ரலோஸ் சாஷே. இப்ப யார் வாங்கினது நல்லதுன்னு தினமும் ஒரு பஞ்சாயத்து. அம்மா மூணையும் மாத்தி மாத்திப் போட்டுக் குடிக்கிறாங்க, யார் மனசும் கோணக்கூடாதாம்.

உண்மையிலேயே இதுல எது கெடுதல் குறைவு? படிச்சவங்க, பட்டவங்க ரெண்டு பேரும் சொல்லுங்க.

இரும்புக்கை:

ஸ்டீவியா. இலையிலிருந்து வருது, இயற்கை. இழையை மூடிடலாம் 😀

லேபிள்வெறியன்:

அவசரப்படாதீங்க தல. அடுக்களைக்கணக்கு, ஒரு உதவி. அந்த ரெண்டு பாக்கெட்டையும் திருப்பிப் பிடிச்சு, பின்னாடி பொடி எழுத்துல "உட்பொருட்கள்"னு இருக்கிற வரியை அப்படியே இங்க தட்டச்சு பண்ணுங்க. முன்பக்கத்து இலையைப் பார்த்து எதையும் முடிவு பண்ண வேண்டாம்.

அடுக்களைக்கணக்கு:

கண்ணாடி போட்டு, டார்ச் அடிச்சுப் பார்த்தேன்.

ஸ்டீவியா பொட்டலம்: எரித்ரிடால், ஸ்டீவியால் கிளைகோசைடு 1%.
சாஷே: டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், சுக்ரலோஸ்.

முதல்ல உள்ளதைப் படிச்சிட்டு அண்ணிகிட்ட காட்டினேன். "அப்ப ஸ்டீவியா எங்க?"ன்னு கேக்கறாங்க.

லேபிள்வெறியன்:

அதே கேள்வியைத்தான் நான் நாலு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன்.

உட்பொருள் பட்டியல்ல எது எடையில அதிகமோ அதுதான் முதல்ல வரும். அதனால உங்க வீட்ல இருக்கிறது ஸ்டீவியா பொட்டலம் இல்லை, எரித்ரிடால் பொட்டலம். கம்பெனி ஏமாத்துதுன்னு உடனே சொல்லிட முடியாது, காரணம் இருக்கு. ஸ்டீவியாவைச் சுத்தமாப் பிரிச்சு எடுத்தா சர்க்கரையை விட 200 முதல் 300 மடங்கு இனிக்கும். அதைக் கரண்டியில அள்ளிப் போட்டா கசந்து வாயில வைக்க முடியாது. அதனால கூடவே கனத்துக்கு ஒரு பொருளைச் சேர்த்தாகணும். எரித்ரிடால் பார்க்க சீனி மாதிரியே இருக்கும், இனிப்பு சர்க்கரையில 60, 70 சதம் வரும். மீதியை அந்த ஒரு சதம் ஸ்டீவியா ஈடுகட்டிடும். ஒரு சிட்டிகையை நாக்குல போட்டுப் பாருங்க, கரையும்போது சில்லுனு இருக்கும். அந்தக் குளிர்ச்சிதான் எரித்ரிடாலோட அடையாளம். ஸ்டீவியாவுக்கு அது கிடையாது.

சாஷேயும் அதே கதைதான். சுக்ரலோஸ் சர்க்கரையை விட 600 மடங்கு இனிப்பு, ஒரு சாஷேக்கு சில மில்லிகிராம் போதும். வெறும் அதை வெச்சா காகிதம் காலியா இருக்கிற மாதிரி தெரியும். மீதி ஒரு கிராமும் டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின். மால்டோடெக்ஸ்ட்ரின் மாவுச்சத்திலிருந்து எடுக்கிற பொடி. டெக்ஸ்ட்ரோஸ்னா வேற ஒண்ணும் இல்லை, குளுக்கோஸ்தான்! அமெரிக்காவுல ஒரு பரிமாறலுக்கு 5 கலோரிக்குக் கீழ இருந்தா சுழியம்னு போட்டுக்கலாம். ஒரு சாஷே 4 கலோரிக்குள்ள அடங்கிடும், அதனால "சுழியம்". நாளைக்கு ரெண்டு சாஷேன்னா பொருட்டே இல்லை. பத்து, பன்னெண்டு கிழிக்கிறவங்களா இருந்தா கணக்கு போடணும்.

ஆக மூணு டப்பாவுல இருக்கிறது மூணு பொருள் இல்லை, ஆறு. எது நல்லதுன்னு அப்புறம் பேசலாம்.

மண்வாசம்:

ஐயா, எல்லாமே ரசாயனம். அஸ்பார்டேம் புற்றுநோய் தரும்னு உலக சுகாதார நிறுவனமே 2023-ல சொல்லியாச்சு. இன்னும் அதை வீட்ல வெச்சு ஆராய்ச்சி பண்றீங்களே. பேசாம தேனுக்கு மாறுங்க.

சோதனைக்குழாய்:

மண்வாசம் அவர்களுக்கு, மரியாதையுடன் ஒரு திருத்தம். பள்ளியில் வேதியியல் நடத்துபவன் என்பதால் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 ஜூலையில் ஒரே நாளில் இரண்டு அறிக்கைகள் வெளியாயின. முதலாவது, உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் வரும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையுடையது. அது அஸ்பார்டேமை 2பி பிரிவில் வைத்தது. "புற்றுநோய் உண்டாக்கக் கூடும், ஆனால் சான்று போதாது" என்பதே அதன் பொருள். முழுஇலைக் கற்றாழைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஒரு பொருளால் ஆபத்து உண்டா என்பதற்கான சான்று எவ்வளவு வலுவானது என்பதை மட்டுமே அந்த முகமை பார்க்கும். எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்பது அதன் வேலை அல்ல.

அந்த வேலை இரண்டாவது குழுவுடையது. உணவுச் சேர்பொருள்களுக்கான அந்த நிபுணர் குழு, நாள் ஒன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 2,800 மில்லிகிராம். ஒரு கேன் டயட் பானத்தில் 200 முதல் 300 மில்லிகிராம் இருக்கலாம். வேறெதிலும் அஸ்பார்டேம் இல்லை என்று வைத்துக்கொண்டால், வரம்பைத் தாண்ட தினமும் 9 முதல் 14 கேன்களுக்கு மேல் குடிக்க வேண்டும். அம்மா போடும் இரண்டு மூன்று மாத்திரை அதன் பக்கத்தில்கூட வராது.

ஒருவர் அஸ்பார்டேமைக் கண்டிப்பாகத் தொடக்கூடாது என்றால், அதற்கான உண்மையான காரணம் வேறு. அது குடலில் ஃபினைல்அலனின், அஸ்பார்டிக் அமிலம், சிறிது மெத்தனால் என்று உடைகிறது. ஃபினைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஃபினைல்அலனினைச் செரிக்க முடியாது, அது மூளையைப் பாதிக்கும். அஸ்பார்டேம் டப்பாக்களில் எச்சரிக்கை வரி அச்சிடப்படுவது அவர்களுக்காகத்தான். மெத்தனால் என்றதும் பயப்பட வேண்டாம், பழச்சாறுகளிலும் அது உண்டு.

சாக்கரின் என்ற பழைய செயற்கை இனிப்பூட்டியின் வரலாற்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1977-ல் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததால் அமெரிக்கா அதைத் தடை செய்யப் பார்த்தது. தடை நிறைவேறவில்லை, எச்சரிக்கை வாசகத்தோடு விற்பனை தொடர்ந்தது. பின்னர்தான் விஷயம் தெரிந்தது: ஆண் எலியின் சிறுநீரில் உள்ள புரதமும் கால்சியம் பாஸ்பேட்டும் சாக்கரினோடு சேர்ந்து படிகமாகி, உள்சுவரை உரசிப் புண்ணாக்கியிருக்கின்றன. மனிதச் சிறுநீரில் அப்படி நடப்பதில்லை. 2000-ல் எச்சரிக்கையை நீக்கினார்கள். ஒரு சந்தேகத்தைத் தீர்க்க இருபத்து மூன்று ஆண்டுகள்!

இரும்புக்கை:

சார் சொன்னதுல ஒரு கிளைக்கதை. சாக்கரினை 1879-ல கண்டுபிடிச்ச ஃபால்பெர்க், ஆய்வகத்துல இருந்து கை கழுவாம போய்ச் சாப்பிட உட்கார்ந்திருக்கார், ரொட்டி இனிச்சிருக்கு. சைக்ளமேட்ங்கிற இன்னொரு இனிப்பூட்டி: 1937-ல ஆய்வகத்துல சிகரெட் பிடிச்சவர் உதட்டுல இனிப்பு. அஸ்பார்டேம்: 1965-ல காகிதம் புரட்ட விரலை நக்கியிருக்கார் ஷ்லாட்டர். சுக்ரலோஸ்தான் உச்சம். 1976-ல லண்டன்ல சசிகாந்த் ஃபட்னிஸ்ங்கிறவர்கிட்ட "டெஸ்ட்" பண்ணச் சொன்னது "டேஸ்ட்"னு காதுல விழுந்து, எடுத்து வாயில போட்டுட்டார். இந்தத் துறையே கை கழுவாதவங்க தயவுல ஓடுது.

சோதனைக்குழாய்:

என் மாணவர்கள் யாரும் இதைப் படிக்காமல் இருக்கக் கடவது.

மண்வாசம்:

சரி, அளவு பற்றிச் சொன்னதை ஏத்துக்கறேன். ஆனா தேனைப் பற்றி யாரும் வாயே திறக்கலையே?

லேபிள்வெறியன்:

தேன்ல நூறு கிராமுக்கு 300 கலோரி சுமார். சர்க்கரையில 400 சுமார். அந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேன்ல இருக்கிற தண்ணி. மீதி குளுக்கோசும் ஃபிரக்டோசும்தான். உலக சுகாதார நிறுவனம் "குறைக்கணும்"னு சொல்ற "கட்டற்ற சர்க்கரை" (free sugars) பட்டியல்லயே தேன் இருக்கு. அகேவ்ங்கிற கற்றாழை மாதிரிச் செடியிலிருந்து எடுக்கிற பாகு இன்னும் வேடிக்கை. ஃபிரக்டோஸ் அதிகங்கிறதால ரத்தச் சர்க்கரையைச் சட்டுனு ஏத்தாது, அந்தப் பெருமையை வெச்சு விக்கறாங்க. ஆனா ஃபிரக்டோசைக் கையாளற வேலை பெரும்பாலும் கல்லீரல் தலையிலதான் விழும். ருசிக்காகத் தேன் சாப்பிடுங்க, தப்பே இல்லை. சர்க்கரைக்கு மாற்றுன்னு மட்டும் சொல்லாதீங்க. அது சர்க்கரையோட ஒண்ணுவிட்ட தம்பி.

இரவுப்பணி:

செவிலியரா இருக்கேன், பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். எது நல்லதுங்கிற சண்டையில நான் இறங்கலை. ஆனா இந்த இழையில யாருமே சொல்லாத ஒண்ணை இப்பவே சொல்லிடணும்.

என் மாமியாருக்கும் சர்க்கரை. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள் சாயங்காலம் எனக்கு வீட்டிலிருந்து போன். அத்தைக்கு வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, பேச்சு குழறுதுன்னு சொன்னாங்க. "சர்க்கரை இறங்கிடுச்சு, உடனே இனிப்பா ஏதாவது குடுங்க"ன்னேன். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஃபிரிட்ஜைத் திறந்து, கண்ணுல பட்ட குளிர்பானத்தை ஒரு டம்ளர் ஊத்திக் குடுத்திருக்கார். பத்து நிமிஷம் ஆச்சு, நடுக்கம் நிக்கலை. இன்னொரு டம்ளர். அப்பவும் நிக்கலை. நான் வீடியோ கால்ல பாட்டிலைக் காட்டச் சொன்னேன். கறுப்பு மூடி, "சுழியம் சர்க்கரை". எங்க வீட்ல நல்லெண்ணத்துல நானே வாங்கி வெச்சது.

அதுக்கப்புறம் தேன் பாட்டிலைத் தேடி மூணு கரண்டி குடுத்து, கால் மணி நேரத்துல சரியாயிட்டாங்க. ஆனா அந்தப் பத்து நிமிஷம் என் வயித்துல புளியைக் கரைச்சது இன்னும் போகலை.

அடுக்களைக்கணக்கு அக்கா, உங்க அம்மா சாப்பிடற மாத்திரை எதுன்னு பாருங்க. மெட்ஃபார்மின் தனியா சாப்பிட்டா இப்படி இறங்கறது அபூர்வம். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி ஏதாவது கூட இருந்தா இறங்க வாய்ப்பிருக்கு. அப்படின்னா மாற்று இனிப்பு எத்தனை வெச்சாலும், நிஜமான சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ ஒரு டப்பா எல்லாருக்கும் தெரியற இடத்துல இருக்கணும். நினைவோட, விழுங்கற நிலையில இருந்தா 15 கிராம் குடுங்க, கால் மணி கழிச்சு மறுபடி சோதிங்க, ஏறலைன்னா இன்னொரு 15. நினைவு தப்பிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, நேரா ஆஸ்பத்திரி. அகார்போஸ்ங்கிற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடறவங்களுக்குச் சாதாரணச் சீனி சீக்கிரம் உடையாது, அவங்களுக்குக் குளுக்கோசே வேணும்.

மண்வாசம்:

நல்லவேளை, அன்னைக்கு வீட்ல தேன் இருந்துச்சு. (இதை மட்டும் சொல்லிக்கறேன், திட்டாதீங்க.)

இரவுப்பணி:

😄 ஒத்துக்கறேன் அண்ணே.

அடுக்களைக்கணக்கு:

ரொம்ப நன்றிங்க. சீட்டை எடுத்துப் பார்த்தேன், மெட்ஃபார்மினோட கிளிமெபிரைடு இருக்கு. எட்டு வருஷத்துல யாரும் இதை எங்களுக்கு இப்படி விளக்கினதில்லை. குளுக்கோஸ் டப்பாவுல சிவப்பு டேப் ஒட்டி, தண்ணிப் பானைக்குப் பக்கத்துல வெச்சாச்சு.

இன்னொரு சம்பவம் கேளுங்க. போன மாசம் சொந்தக்காரர் ஒருத்தர் "சர்க்கரை சேர்க்காதது"ன்னு ஒரு சாக்லேட் பெட்டி குடுத்தார். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம், ஒரே உட்காரல்ல ஏழு துண்டு. ராத்திரி ஒரு மணியிலிருந்து விடியற வரைக்கும் வயித்துக்குள்ள இடி, பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடை. காலையில ரத்தச் சர்க்கரையும் கொஞ்சம் ஏறித்தான் இருந்துச்சு. கெட்டுப்போன சாக்லேட்டோன்னு நினைச்சு மிச்சத்தை வீசிட்டோம்.

லேபிள்வெறியன்:

பெட்டியை வெச்சிருந்தா நூத்துக்குத் தொண்ணூறு "மால்டிடால்"னு எழுதியிருக்கும், பந்தயம் கட்டறேன்.

மால்டிடால், சார்பிடால், சைலிடால், எரித்ரிடால் எல்லாம் ஒரே குடும்பம், சர்க்கரை ஆல்கஹால்னு சொல்வாங்க. பேர்லதான் ஆல்கஹால், போதை கிடையாது. ஒரே குடும்பம்னாலும் குணம் வேற வேற. எரித்ரிடால்ல பெரும்பகுதி சிறுகுடல்லயே ரத்தத்துல கலந்து, உடையாம சிறுநீர்ல போயிடும். மால்டிடாலும் சார்பிடாலும் பாதிக்கு மேல பெருங்குடலுக்குப் போய், தண்ணியை இழுத்துக்கிட்டு, அங்க இருக்கிற பாக்டீரியாவுக்கு விருந்தாகும். வாயு, இரைச்சல், பேதி எல்லாம் அதனாலதான். பத்து சதத்துக்கு மேல இந்தக் குடும்பத்துப் பொருள் இருந்தா "அளவுக்கு மிஞ்சினால் பேதியாகலாம்"னு ஐரோப்பாவுல அச்சடிச்சே ஆகணும். அம்மா மெட்ஃபார்மின் வேற சாப்பிடறாங்க, அந்த மருந்தே சிலருக்கு வயித்தைக் கலக்கும். ரெண்டும் சேர்ந்து அன்னைக்குக் கச்சேரி.

ரத்தச் சர்க்கரை ஏறினதும் ஆச்சரியம் இல்லை. மால்டிடால் கிராமுக்கு 2.1 கலோரி, அதாவது சர்க்கரையில பாதி. ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏத்தும்னு காட்டற கிளைசெமிக் குறியீடும் 35 சுமார். சாக்லேட்ல மாவுச்சத்து, பால், கொழுப்பு எல்லாம் வேற இருக்கு. "சர்க்கரை சேர்க்காதது"ங்கிறதைச் "சர்க்கரையை ஏத்தாதது"ன்னு நாமளாப் படிச்சுக்கறோம்.

இரும்புக்கை:

அப்ப குடும்பத்துல எரித்ரிடால்தான் நல்ல பிள்ளை. கிராமுக்கு 0.2 கலோரி, வயிறும் பிரச்சினை இல்லை. நான் புரோட்டீன் பவுடர்ல தினமும் போடறேன். அண்ணியோட பொட்டலம் ஜெயிச்சுது.

சோதனைக்குழாய்:

அம்மாவுக்கு வேண்டுமானால் விவாதிக்கலாம். ஸ்டென்ட் வைத்த அப்பா அதே பொட்டலத்திலிருந்து அள்ளுகிறாரா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

2023-ல் ஸ்டான்லி ஹேசன் தலைமையில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவமனைக் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. இதய நோய்ச் சோதனைக்கு வந்த 1,157 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது, எரித்ரிடால் அதிகம் இருந்தவர்களுக்கு அடுத்த மூன்றாண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவை அதிகம் நேர்ந்திருந்தன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேறு இரு குழுவினரிடமும் அதே போக்கு தெரிந்தது.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. எரித்ரிடாலை நம் உடலே குளுக்கோசிலிருந்து கொஞ்சம் தயாரிக்கிறது. வளர்சிதை மாற்றம் கெட்டவர்களிடம் அது இயல்பாகவே கூடுதலாக இருக்கலாம். ரத்தத்தில் இருந்தது அவர்கள் சாப்பிட்டதா, உடல் செய்ததா என்று அந்த ஆய்வால் பிரிக்க முடியாது. குடை பிடிப்பவர்கள் அதிகம் இருக்கும் தெருவில் மழை அதிகம், அதனால் குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாதல்லவா?

ஆனால் அதோடு விடவும் முடியவில்லை. 2024-ல் அதே குழு நலமான இருபது பேரை எடுத்தது. பத்துப் பேருக்கு 30 கிராம் எரித்ரிடால், பத்துப் பேருக்கு 30 கிராம் குளுக்கோஸ். எரித்ரிடால் குடித்தவர்களின் ரத்தத்தில் அதன் அளவு ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறியது, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும் நிலைக்குப் போயின. குளுக்கோஸ் குழுவில் அப்படி இல்லை. ஆய்வு சிறியது, ஒரு வேளைக் கணக்கு மட்டுமே. மாரடைப்பு வந்தது என்று அது சொல்லவில்லை. சைலிடாலிலும் அதே குழு அதே போக்கைக் கண்டிருக்கிறது.

30 கிராம் என்பது தேநீரில் போடும் அளவு அல்ல. ஆனால் எரித்ரிடால் சேர்த்த ஒரு கிண்ணம் ஐஸ்கிரீமில் சாதாரணமாக வந்துவிடும். இதை வைத்து உலகமே எரித்ரிடாலை விட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஸ்டென்ட் உள்ள, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கும் ஒருவர், மாற்று வழிகள் இத்தனை இருக்கும்போது இதையே ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? என் அப்பாவாக இருந்தால் நான் நிறுத்திவிடுவேன்.

அடுக்களைக்கணக்கு:

அப்பாதான் அதிகம் சாப்பிடறவர்! "இயற்கை"ன்னு அண்ணி சொன்னதால காபியில ரெண்டு கரண்டி, தயிர்ல ஒரு கரண்டி. இன்னைக்கே டாக்டரைக் கேக்கறேன்.

இரும்புக்கை:

புரோட்டீன் பவுடர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பேச்சு வரலை.

அவன்சூடு:

கேக் சுடறவ நான். உடம்பு விஷயம் எனக்கு அவ்வளவு தெரியாது, அடுப்பு விஷயம் தெரியும்.

அஸ்பார்டேமை நீண்ட நேரம் சூடு பண்ணா உடைஞ்சு இனிப்பே போயிடும். ஆறின பானத்துல போடுங்க, கொதிக்கிறதுல போடாதீங்க. அசிசல்ஃபேம்ங்கிற இனிப்பூட்டி, சாக்கரின், ஸ்டீவியா சூட்டைத் தாங்கும். சுக்ரலோசும் தாங்கும்னு நானும் பல வருஷம் கேக்ல போட்டேன். 2019-ல ஜெர்மனியோட இடர் மதிப்பீட்டு நிறுவனம், 120 டிகிரிக்கு மேல போனா அதிலிருந்து குளோரின் கலந்த கெடுதலான சேர்மங்கள் உருவாகலாம்னு சொன்னதைப் படிச்சதும் விட்டுட்டேன். கேக் சுடற அவன் அடுப்புல வைக்கிறது 170, 180 டிகிரி. தேநீருக்கு அந்தக் கவலை இல்லை.

எரித்ரிடால் பொன்னிறமே ஆகாது, ஆறினதும் மறுபடி படிகமாகி பல்லுல நறநறங்கும். அல்லுலோஸ்னு ஒண்ணு இருக்கு, சர்க்கரை மாதிரியே சிவக்கும், கிராமுக்கு 0.4 கலோரி. அமெரிக்காவுல 2019-லிருந்து அதைச் சர்க்கரைக் கணக்குல சேர்க்க வேண்டாம்னுட்டாங்க. ஐரோப்பாவுல இன்னும் அனுமதி இல்லை. அடுப்புக்கு எனக்குப் பிடிச்சது அதுதான், ஆனா அதுவும் நிறைய போட்டா வயித்தைக் கேள்வி கேக்கும்.

அப்புறம் வீட்ல நாய் இருக்கிறவங்க சைலிடால் போட்ட எதையும் கீழ வைக்காதீங்க. மனுஷனுக்குப் பல் சொத்தையைக் குறைக்கிற அதே பொருள், நாய்க்கு இன்சுலினைக் கொட்ட வெச்சு சர்க்கரையைத் தரைமட்டமாக்கிடும், கல்லீரலும் போகும்.

மண்வாசம்:

நான் தேன் விஷயத்துல தோத்துட்டேன், சரி. ஆனா இன்னொண்ணு சொல்றேன், இதுக்கு என்ன பதில்னு பார்க்கலாம். 2023 மே மாசம் உலக சுகாதார நிறுவனம், எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளைப் பயன்படுத்தாதீங்கன்னு வழிகாட்டுதல் குடுத்துச்சே? அதுல அஸ்பார்டேம், சுக்ரலோஸ், ஸ்டீவியா எல்லாத்தையும் ஒரே கூடையிலதான் போட்டாங்க. இயற்கை, செயற்கைன்னு பிரிக்கவே இல்லை.

சோதனைக்குழாய்:

இந்த இழையிலேயே மிக நல்ல கேள்வி இது, மண்வாசம். அந்த வழிகாட்டுதல் உண்மை. சர்க்கரை பானத்தை விட்டு இனிப்பூட்டி பானத்துக்கு மாறிய குறுகிய கால ஆய்வுகளில் எடை கொஞ்சம் குறைந்தது. ஆனால் பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், இனிப்பூட்டி அதிகம் எடுத்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் இதய நோயும் அதிகமாக இருந்தன. இங்கும் அதே குடைப் பிரச்சினை உண்டு: எடை கூடியவர்கள்தானே முதலில் டயட் பானத்துக்குப் போகிறார்கள்? அதனால்தான் அந்தப் பரிந்துரைக்கு "நிபந்தனைக்குட்பட்டது" என்று பெயர் வைத்தார்கள்.

ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. எரித்ரிடால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களும் அதில் அடங்காது.

லேபிள்வெறியன்:

குடல் பாக்டீரியா பற்றியும் ஒரு வரி. 2022-ல இஸ்ரேல்ல வெய்ஸ்மன் நிறுவனத்துல 120 ஆரோக்கியமான பேரைக் குழுக்களாப் பிரிச்சு, நாலு குழுவுக்கு ரெண்டு வாரம் சாக்கரின், சுக்ரலோஸ், அஸ்பார்டேம், ஸ்டீவியான்னு குழுவுக்கு ஒண்ணாக் குடுத்துப் பார்த்தாங்க. நாலுமே குடல் பாக்டீரியாவை ஏதோ ஒரு விதத்துல மாத்துச்சு. சாக்கரினும் சுக்ரலோசும் எடுத்தவங்களுக்குக் குளுக்கோசைத் தாங்கற திறனும் குறைஞ்சுது. ஆனா ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஒருத்தருக்கு ஏறும், இன்னொருத்தருக்கு அசையாது. அதனால "எனக்கு ஒண்ணும் ஆகலை"ன்னு யாராவது சொன்னா அது அவருக்கு மட்டும் உண்மை.

ஸ்டீவியாவுக்கு மாறணும்னா சுத்திகரிச்ச சொட்டு மருந்து வடிவத்துல வாங்குங்க, உட்பொருள்ல தண்ணியும் ஸ்டீவியால் கிளைகோசைடும் மட்டும் இருக்கணும். அனுமதி குடுத்திருக்கிறது 95 சதத்துக்கு மேல சுத்தப்படுத்தினதுக்குத்தான். இலையை அரைச்ச பச்சைப் பொடிக்கு அமெரிக்காவுல அந்த அனுமதி இல்லை. கசப்பும் அதிமதுர வாடையும் கொஞ்சம் இருக்கும், ஒரு சொட்டோட நிறுத்தினா தெரியாது.

இரவுப்பணி:

வீட்ல குளுக்கோமீட்டர் இருந்தா பெரிய ஆய்வு எதுவும் வேண்டாம் அக்கா. ஒரு வாரம் அதே காலை உணவு, அதே நேரம், இனிப்பூட்டியை மட்டும் மாத்தி, ரெண்டு மணி நேரம் கழிச்சுச் சோதிச்சு எழுதி வைங்க. டாக்டர்கிட்ட அந்தத் தாளைக் காட்டினா அவருக்கே சந்தோஷமா இருக்கும்.

அடுக்களைக்கணக்கு:

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

டாக்டர் அப்பாகிட்ட "எரித்ரிடால் வேண்டாம், சான்று முழுசா வரட்டும், அதுவரைக்கும் நீங்க எலியா இருக்க வேண்டாம்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டார். பொட்டலம் போயாச்சு. அண்ணிக்கு முதல்ல வருத்தம், அப்புறம் அவங்களே கடையில ஒவ்வொரு பாக்கெட்டா திருப்பிப் படிக்க ஆரம்பிச்சிட்டாங்க. கூடப் போனா வீடு திரும்ப ஒரு மணி நேரம் கூடுதலாகுது.

அம்மாவுக்கு ஸ்டீவியா சொட்டு வாங்கினோம். "கஷாயம் மாதிரி இருக்கு"ன்னு மூணாம் நாளே மூடி வெச்சிட்டாங்க. இப்ப அண்ணனோட அஸ்பார்டேம் மாத்திரை, நாளைக்கு ரெண்டு, தேநீரை அடுப்பிலிருந்து இறக்கி ஆத்தின பிறகு. என் சாஷே விருந்தாளிகளுக்கு.

மீட்டர்ல எழுதி வெச்ச தாள்ல நாலு இனிப்பூட்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் காட்டினது அம்மா தேநீரோட தொட்டுச் சாப்பிட்ட பிஸ்கட்டுதான். ரெண்டு வேண்டாம், ஒண்ணு போதும்னு சொன்னேன். அதுக்கு மட்டும் இன்னும் எங்கிட்ட பேசாம இருக்காங்க.

லேபிள்வெறியன்:

பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தீங்களா?

அடுக்களைக்கணக்கு:

அண்ணி பார்த்துக்கிட்டு இருக்காங்க.